மேல்வீட்டு மணியோசை

இடது கைக் கட்டைவிரல் பழைய தொலைபேசி இணைப்புப் பெட்டியைத் தூணோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை திருப்புளியை ஒரே மூச்சில் சுற்றவில்லை. கால் சுற்று, நிறுத்தம், மறுபடி கால் சுற்று. கடலோர வீடுகளில் திருகாணிகள் உப்புக்காற்றில் இறுகிப் போயிருக்கும். அவசரப்பட்டால் தலை மழுங்கிவிடும், அப்புறம் தூணைத்தான் செதுக்க வேண்டும். வெளியே வந்த திருகாணியைக் கை கீழே வைக்காமல் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டது. பெட்டி இருந்த இடத்தில் மரம் மட்டும் சதுரமாக, புதுசாகத் தெரிந்தது. அதை ஈரத்துணியால் துடைத்து, பழைய செம்புக் கம்பியின் முனையை மடித்து நாடா சுற்றி, தரைப்பலகை இடுக்கில் செருகியது.

"அறுத்து எறிஞ்சிடுவேன்னு நெனச்சேன்," என்றாள் பின்னால் நின்ற மிசாவோ. அது அவள் வீடு. துறையிலிருந்து மேடு ஏறும் பாதையில் முதல் வீடு.

"எதுக்கு அத்தை அறுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சொன்னவள் இகுமி. எங்கள் தீவில் படகுத்துறைக்கு எதிரில் இருக்கும் சகானே மின்கடை அவளுடையது. கல்யாணமாகி மத்சுயாமா நகரத்திலிருந்து வந்தபோது, ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிய அனுபவம் மட்டும்தான் அவளிடம் இருந்தது. கணவன் கென்சாகு படகில் இயந்திரம் பார்ப்பவன். கடல்மேல் எதையும் சரிசெய்வான், வீட்டில் ஒரு பல்பு மாட்டச் சொன்னால் முகத்தைச் சுளிப்பான். கடை மாமனாருடையது. அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கிறவர் இல்லை. கேட்டால், பெட்டிக்குள் புத்தகம் இருக்கிறது, படித்துக்கொள் என்பார். இகுமி படித்தாள். கடையில் இருந்த ஒவ்வொரு சாமானின் விளக்கப் புத்தகத்தையும், யாரும் படிக்காத கடைசிப் பக்கத்துச் சிற்றெழுத்து உட்படப் படித்தாள். கெட்டுப்போய்த் திரும்பி வந்தவற்றைக் கடையின் பின்கட்டில் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினாள். மாமனார் காலமானபோது கடையை மூடிவிடுவார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. மறுநாள் காலையில் அவள் கதவைத் தூக்கித் திறந்தாள், அவ்வளவுதான்.

நகரத்துக் கடைகளில் எல்லாமே விலை குறைவு. அது தெரிந்தும் தீவுக்காரர்கள் இவளிடம்தான் வாங்குகிறார்கள். தொலைக்காட்சியில் படம் வரவில்லை என்று கூப்பிட்டால் இகுமி வந்து நிற்பாள். பெரும்பாலும் யாரோ ஒரு பொத்தானை மாற்றி அழுத்தியிருப்பார்கள். அதைச் சொல்லிக்காட்ட மாட்டாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் தம் கையாலேயே அதை ஒருதரம் இயக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் செருப்பை மாட்ட மாட்டாள்.

தீவுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்து சில வருஷம் ஆகிறது. வீட்டுத் தொலைபேசியை இணையத்தோடு சேர்த்துக்கொள்ளும் வீடுகள் ஒவ்வொன்றாகக் கூடிவந்தன. கம்பியை வீட்டுவரை கொண்டுவருவது கம்பெனி ஆட்களின் வேலை. உள்ளே பெட்டியை வைத்து, தொலைபேசியைப் பொருத்தி, எப்படிப் பேசுவது என்று காட்டுவது இகுமியின் வேலை.

மிசாவோ வீட்டில் இந்த மாற்றத்துக்கு ஏற்பாடு செய்தவன் ஓசகாவில் இருக்கும் அவள் மகன் யோஷிதாகா. போன குளிர்காலத்தில் அவன் பேரைச் சொல்லி ஒருத்தன் இவளைக் கூப்பிட்டு, ரயிலில் கம்பெனிப் பணப்பையைத் தொலைத்துவிட்டேன், உடனே ஆளை அனுப்புகிறேன், கையில் கொடுத்துவிடு என்று அழுதிருக்கிறான். கடைசிப் படகு போய்விட்டதால் ஆள் வர முடியவில்லை. மகன் அதைக் கேட்டு ஆடிப்போனான். தீவில் இருந்தது போதும், என்னோடு வந்துவிடு என்றான். அவள் மாட்டேன் என்றாள். அப்படியானால் மோசடியைத் தடுக்கும் தொலைபேசியாவது வைத்துக்கொள் என்று சொல்லி இகுமியிடம் வாங்கவைத்தான். அது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்காது. தானே எடுத்து, உரையாடல் பதிவு செய்யப்படும், உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கும். பெயர் சொன்ன பிறகுதான் வீட்டில் மணி அடிக்கும்.

இகுமி எல்லாவற்றையும் பொருத்திவிட்டுத் தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். பெயர் கேட்டது. சகானே மின்கடை என்றாள். மணி அடித்தது. மிசாவோ எடுத்து ஹலோ என்றாள், முன்னால் நிற்கிறவளிடம் காதில் வைத்துக்கொண்டு பேசுவது என்ன கூத்து என்று சிரித்தாள். மகனின் எண்ணையும் வைத்தியர் வீட்டு எண்ணையும் பதிந்தாயிற்று. மின்சாரம் போனால் இந்தத் தொலைபேசியும் போய்விடும் என்று சொல்லி, அதற்கென்று ஒரு சின்ன மின்கலப் பெட்டியையும் பக்கத்தில் வைத்தாள். புயல் காலத்தில் அரை நாள் தாங்கும். எல்லாம் முறைப்படி நடந்தது. கொடுத்த ஆரஞ்சுகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

இரண்டு நாள் போயிருக்கும். காலையில் கடைத் தொலைபேசி அடித்தது.

"இகுமி, உன் வண்டி மேல்வீடு வரைக்கும் ஏறுமா?" மிசாவோதான்.

"ஏறுமே அத்தை. என்ன விஷயம்?"

"அங்க போய், அந்த மேல்வீட்டுக்காரி செத்துட்டாளான்னு பாத்துட்டு வா."

மேல்வீட்டுக்காரி என்றால் ஹத்சுயோ. மிசாவோவின் நாத்தனார், இறந்துபோன தமோத்சுவின் அக்கா. மேட்டின் உச்சியில், ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவில் தனியாக இருப்பவள். இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும். காரணமும் தெரியும். இங்கே ஒரு சாவு என்றால் செய்தியை வீட்டுக்கு வீடு தொலைபேசியில்தான் கடத்துவோம். ஒரு வீட்டுக்குத் தகவல் வந்தால் அந்த வீடு அடுத்த வீட்டைக் கூப்பிடும், அது அதற்கடுத்ததை. தமோத்சு நகரத்து மருத்துவமனையில் உயிர்விட்ட அன்று மிசாவோ மகனைக் கூப்பிட்டாள், பிறகு கோயிலைக் கூப்பிட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். ஹத்சுயோவுக்குச் செய்தி அந்த வரிசையில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. தம்பி செத்த செய்தியை ஊராரோடு ஊராராகத் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதை மிசாவோ அன்று காலைதான் இகுமியிடம் சொன்னாள், சொல்லப் பிடிக்காத குரலில். தமோத்சு இறந்த வருஷம் பெரிய புயல் ஒன்று அடித்தது. விடிந்ததும் இவள் வீட்டுத் தொலைபேசி இரண்டு தடவை அடித்து நின்றது. யாரென்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. இவளும் மேல்வீட்டுக்கு அழைத்து, இரண்டு தடவை அடிக்கவிட்டு வைத்தாள். மறுநாளும் அது நடந்தது. அன்றிலிருந்து, ஊர் ஒலிபெருக்கியில் காலை இசை போட்டு முடிந்ததும் மேல்வீட்டிலிருந்து மணி வரும், இவள் திருப்பி அடிப்பாள். ஒரு நாள்கூட யாரும் ரிசீவரை எடுத்தது இல்லை. பெரியவள் முதலில் அடிக்க வேண்டும், சின்னவள் பதில் கொடுக்க வேண்டும், முறை அதுதான்.

"நேத்து வரல. இன்னைக்கும் வரல. நானா முதல்ல அடிக்கிறது சரியில்ல. உயிரோட இருந்தா என்ன நெனப்பா?"

இகுமி சிறிய சுமைவண்டியை எடுத்துக்கொண்டு மேடு ஏறினாள். ஹத்சுயோ சாகவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து, அழுகிய ஆரஞ்சுகளைப் பிரித்துக் கூடையில் எறிந்துகொண்டிருந்தாள்.

"கீழ்வீட்டு மகராசிக்கு அந்த மிஷின வித்தது நீதானே?" என்றாள், நிமிராமல்.

"நான்தான் பெரியம்மா."

"நல்ல வியாபாரம். தினமும் கூப்பிடுறவகிட்ட, நீ யாரு, திருட வந்தியா, பேரச் சொல்லுன்னு கேக்குது. நான் பொறந்து வளந்த வீடுடி அது. அதுக்குள்ள நுழைய நான் பேரு சொல்லணுமா? என் பேச்சப் பதிவு வேற செய்வாளாம். சரி, அவளுக்கு இது பிடிக்கல போலிருக்குன்னு விட்டுட்டேன்."

இகுமிக்கு அப்போதுதான் தான் செய்தது விளங்கியது. எல்லாவற்றையும் சோதித்தாள், சோதித்ததெல்லாம் பேசுவதற்காக வரும் அழைப்பை. பேசாமல் இருப்பதற்காக ஒருத்தி தினமும் கூப்பிடுவாள் என்பது எந்த விளக்கப் புத்தகத்திலும் இல்லை. வீட்டுக்காரியிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அது இயந்திரம் எல்லாரிடமும் கேட்பது, மிசாவோவுக்கு அப்படிக் கேட்டதே தெரியாது என்று சொன்னாள். பெயர் சொல்லாமல் வைத்துவிட்டால் கீழே மணியே அடிக்காது என்றாள். ஹத்சுயோ நம்பவில்லை.

"தெரியாதுன்னு சொல்லச் சொல்லி அனுப்பினாளா?"

"இல்ல பெரியம்மா. நீங்க செத்துட்டீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

ஹத்சுயோவின் கை ஒரு பழத்தோடு நின்றது. பிறகு அதைக் கூடைக்குள் போட்டாள். அது நல்ல பழம்.

"சாகலைன்னு சொல்லு," என்றாள்.

சரிசெய்வது சுலபம் என்றுதான் இகுமி நினைத்தாள். பதிந்த எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கு அந்தத் தொலைபேசி கேள்வி கேட்காது. மேல்வீட்டு எண்ணைப் பதிந்துவிட்டால் தீர்ந்தது. தான் கீழே போய்ச் சேர்ந்ததும் கடலோரம் நின்று கையை ஆட்டுவதாகவும், அதைப் பார்த்ததும் ஹத்சுயோ அடிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்துவிட்டு இறங்கினாள்.

மிசாவோ வாசற்படியிலேயே காத்திருந்தாள். சாகவில்லையாம் என்று கேட்டதும், அதானே பார்த்தேன் என்று உள்ளே திரும்பிக்கொண்டாள். நடந்ததை இகுமி சொன்னபோது அவள் முகம் மாறிப்போனது.

"பேரு கேட்டுதா? அந்த மனுஷிகிட்டயா? ஐயோ. இது என்ன கர்மம். மூட்டை கட்டி எடுத்துட்டுப் போ."

"எடுத்துட்டுப் போனா உங்க மகன் உங்கள ஓசகாவுக்கு மூட்டை கட்டிடுவாரு. இருங்க. எண்ணு எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதணுமா?" மிசாவோ கண்ணை மூடாமல், யோசிக்காமல் சொன்னாள். இகுமி அழுத்திக்கொண்டே வந்தாள். கடைசி எண்ணையும் சொல்லிவிட்டு மிசாவோ தூணில் தெரிந்த புதுச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில மட்டும் ஞாபகம் வரல. போன் முன்னாடி நின்னேன். இந்த எண்ணு வரவே இல்ல. பிள்ளையோட எண்ண அவர் கையால ஒரு அட்டையில எழுதிப் பையில வச்சிருந்தாரு, அது இருந்துச்சு. கோயில் எண்ண அங்க ஒரு நர்ஸ் தேடிக் குடுத்தா. இவங்க எண்ண யாருகிட்ட கேக்குறது? என் நாத்தனார் எண்ணு எனக்கே மறந்துபோச்சுன்னு சொல்லவா?"

இகுமி அந்த எண்ணைச் சேமித்தாள். பெயர் என்ன போடுவது என்று கேட்டாள். இந்தத் தொலைபேசி மணி அடிக்கும் முன் பதிந்த பெயரை உரக்கச் சொல்லும் என்பதையும் சொன்னாள்.

"மேல்வீடுன்னு போடு. ஊரே அப்படித்தான் சொல்லுது."

இகுமி வெளியே போய்க் கையை ஆட்டிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள். மணி அடிக்கவில்லை. திரையில் மட்டும், எண் மறைக்கப்பட்ட அழைப்பு என்று எழுத்து ஓடியது. மேலே ஹத்சுயோவின் காதில் மறுபடியும் பெயர் கேட்டுக்கொண்டிருக்கும்.

"அடிக்க மாட்டா. மனசு மாறியிருப்பா," என்றாள் மிசாவோ.

"அடிச்சிட்டாங்க அத்தை. இதுதான் தடுக்குது."

மறுபடி மேடு. ஹத்சுயோ தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அது விரல் நுழைத்துச் சுற்றும் கறுப்புத் தொலைபேசி, மேலே பூத்துணி போர்த்தியது. மறுபடியும் பேர் கேட்குது, நான் என்ன சொல்ல என்றாள். எண்ணை மறைத்து அனுப்பும்படி எப்போதாவது கம்பெனியில் சொல்லியிருக்கிறீர்களா என்று இகுமி கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆமாம் என்றாள் ஹத்சுயோ. கூப்பிடுகிறவர் எண் தெரியும் வசதி வந்த புதிதில், விலை கேட்கக் கூப்பிட்ட உரக்கடைக்காரன் எண்ணைப் பிடித்துக்கொண்டு தினமும் தொந்தரவு செய்தான். அந்தக் கோபத்தில் என் எண்ணை ஒருத்தனுக்கும் காட்டாதே என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். உரக்கடைக்காரன் செத்தே போய்விட்டான். இவள் கொடுத்த உத்தரவு நடந்துகொண்டிருந்தது.

அதற்கும் வழி இருந்தது. எண்ணைச் சுற்றுவதற்கு முன்னால் ஒன்று, எட்டு, ஆறு என்று சுற்றினால் அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் எண் தெரியும். இகுமி அதைச் சொன்னாள்.

"அதாவது நான் என் எண்ண அவளுக்குக் காட்டணும்."

"ஆமா பெரியம்மா."

"பேரு சொல்றதுக்கும் இதுக்கும் என்னடி வித்தியாசம்? வாசல்ல நின்னு, நான்தான் வந்திருக்கேன், கதவத் திறன்னு கெஞ்சுற மாதிரிதானே இதுவும்?"

இகுமி பூத்துணியை ஒழுங்காக மடித்தாள். மற்றவர்கள் மனம்விட்டுச் சொன்னதை அவள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கடை நடத்துகிறவளுக்கு அது ஆகாது. ஆனால் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம் என்று அவளுக்குப் பட்டது.

"அவங்களுக்கு உங்க எண்ணு மனப்பாடம். பதியறப்போ எந்தத் தாளையும் பாக்கல, நிறுத்தாம சொன்னாங்க. காட்டுறதுக்கு இதுல புதுசா ஒண்ணும் இல்ல பெரியம்மா. இந்த மிஷினுக்குத்தான் தெரியல."

ஹத்சுயோ தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒன்று, எட்டு, ஆறு என்று விரலை நுழைத்துச் சுற்றினாள், எட்டு திரும்பி வரும்வரை பொறுமையில்லாமல் மேசையைத் தட்டினாள். ரிசீவரை வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சுற்றிப் பழகினாள்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. அதை இகுமி தன் கைபேசியையும் கடையில் இருந்த அதே வகைத் தொலைபேசியையும் வைத்துச் சோதித்து வைத்திருந்தாள். புதுத் தொலைபேசி முதலில் எண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்லி, அப்புறம்தான் மணி அடிக்கும். அதற்குள் அழைக்கிறவர் காதில் ஒரு தடவை அடித்து முடிந்திருக்கும். ஹத்சுயோ இரண்டில் வைத்தால் கீழே ஒன்றுதான் கேட்கும்.

"நீங்க மூணு கேட்டதும் வைங்க. அங்க ரெண்டு கேக்கும்."

"எனக்கு மூணு, அவளுக்கு ரெண்டா?"

"ஆமா."

"அந்த வீட்டுக்கு எப்பவும் நான்தான் கூடக் குடுக்க வேண்டியிருக்கு," என்றாள் ஹத்சுயோ. ஆனால் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தாள். இரண்டு பை. ஒன்று உனக்கு என்று மட்டும் சொன்னாள், இன்னொன்று யாருக்கு என்று சொல்லவில்லை.

அன்றே மறுபடி சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள் இகுமி. அதற்குள் காலைப்பொழுது கடந்துவிட்டிருந்தது. இரண்டு பேருமே சம்மதிக்கவில்லை. அது காலையில் நடக்கும் காரியம், கண்ட நேரத்தில் அடித்தால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆகவே மறுநாள் காலை, ஒலிபெருக்கி இசைக்கும் முன்பே இகுமி மிசாவோ வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது பையை அடுக்களையில் வைத்தாள். மிசாவோ பழங்களைப் பார்த்தாள், யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. எங்கள் தீவில் எந்தத் தோட்டத்துப் பழம் என்பதைத் தோலைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

"இகுமி," என்றாள். "அந்தப் பேர மாத்த முடியுமா?"

"முடியும். என்ன போடட்டும்?"

"மேல்வீடு மேல்வீடுன்னு காலங்காத்தால கத்தும். வீடா கூப்பிடுது? அக்கான்னு போடு." உடனே சேர்த்துக்கொண்டாள்: "மேல போய் உளறி வைக்காத."

"நான் எதுக்குச் சொல்றேன்."

இகுமி நின்றபடியே எழுத்தை அழித்து, புதிய பெயரை அழுத்தினாள். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். வெளியே ஒலிபெருக்கி காலை இசையைத் தொடங்கியது. மிசாவோ உட்காரவில்லை. கைகளை மேலாடைக்குள் சுருட்டிக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். இசை முடிந்தது. ஒலிபெருக்கி கரகரத்து அடங்கியது. மேலே ஒருத்தி ஒன்று, எட்டு, ஆறு சுற்றும் நேரம் அது. எட்டு திரும்பி வர நேரமாகும் என்பது இகுமிக்குத் தெரியும், மிசாவோவுக்குத் தெரியாது.

"வராது," என்றாள் மிசாவோ.

திரை வெளிச்சமானது. அக்காவிடமிருந்து அழைப்பு என்றது தொலைபேசி, அறிவிப்பாளர் குரலில், எந்த உணர்ச்சியும் இல்லாமல். மணி அடித்தது. மறுபடி அடித்தது. நின்றது.

மிசாவோ மூச்சை விட்டாள். பிறகு கைகளை வெளியே எடுத்து மேலாடையில் துடைத்துக்கொண்டாள். இகுமி ரிசீவரைத் தாங்கியிலிருந்து எடுத்தாள். ஒரே பொத்தானில் மேல்வீட்டுக்குப் போகும் வசதியும் அதில் இருந்தது, அதை அவள் காட்டவில்லை. அங்கே இருப்பது பழைய தொலைபேசிதான், இங்கிருந்து இரண்டு அடித்தால் அங்கேயும் இரண்டுதான் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, எண்கள் மேலே தெரியும்படி திருப்பி, இரண்டு கையாலும் மிசாவோவிடம் நீட்டினாள்.

"இந்தாங்க அத்தை. இனி உங்க முறை."

மிசாவோ வாங்கிக்கொண்டாள்.